பட்டறையில் வெடிக்கும், வயலில் வெடிக்காது

மழை விட்டுத் தைப் பனி விழத் தொடங்கினால் இடியன் துவக்குகள் ஏன் இப்படிக் குழப்படி செய்கின்றன என்று, பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் மூன்று பேரும் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படியான கேள்வி கேட்பது ஆபத்து. அவன் வாயைத் திறந்தால் மூட மாட்டான். கேட்டுவிட்டீர்கள், இனி இருந்து கேட்கத்தான் வேண்டும்.

கழற்றுவது, பூட்டுவது, துப்புரவாக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என்னைவிடச் சுத்தமாகவே செய்கிறீர்கள், அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரேயொரு துவக்கைப் பற்றி. அந்தத் துவக்கு இங்கே, துறைமுகத்து வெயிலில், நம் பட்டறைக் கொல்லையில் கூப்பிட்ட குரலுக்கு வெடித்தது. பதினைந்து கட்டை, அதாவது பதினைந்து மைல், தள்ளித் தம்பலகாமத்து வயலில் பன்றியைக் கண்டதும் ஊமையாகிவிட்டது.

இதை வீட்டில் வேறு யாரும் வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தை. இடியன் என்பது வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தையும் சன்னத்தையும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்கும் பழைய மாதிரித் துவக்கு. பின்பக்கத்தில் ஒரு சின்னக் குழாயின் மேல் செம்புத் தொப்பி ஒன்று உட்காரும், அதுதான் கேப்பு. குதிரை எனும் சுத்தி அடித்தால் கேப்பு பொறி கக்கும், பொறி ஊசித்துளையால் உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். கமக்காரர்கள் பயிரைக் காப்பாற்ற அனுமதிப் பத்திரத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் இதைத்தான்.

முப்பது வருடம் இந்தப் பட்டறையில் நான் திருத்திய துவக்குகளைவிடக் கேட்ட பொய்கள் அதிகம். குழாய்க்குள் குளவிக்கூட்டை வைத்துக்கொண்டு "நேத்துத்தான் துடைச்சனான்" என்று சொன்னவர் இருக்கிறார். கேப்பை மடிக்குள் வெற்றிலையோடு சுற்றி வைத்துவிட்டு, கேப்பு செய்த கொம்பனியைத் திட்டியவரும் இருக்கிறார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. துவக்கை உறையில் இருந்து எடுக்க முதலே, கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துப் பிழையைச் சொல்லிவிடுவேன்.

எனக்கு வேலை பழக்கியவருக்கு அந்தத் திமிர் இருக்கவில்லை. அவர் எந்தத் துவக்கை வாங்கினாலும் முதலில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். அவர் போன பிறகு அந்தப் பழக்கமும் பட்டறையை விட்டுப் போய்விட்டது, நானும் தேடவில்லை.

பாக்கியம் முதல் தரம் வந்தது ஒரு மார்கழிக் கடைசியில். ஐம்பது வயதிருக்கும். கணவர் நோயில் காலமான பிறகு துவக்குப் பத்திரம் அவருடைய பெயருக்கு மாறியிருந்தது. தம்பலகாமத்தில் ஒரு வட்டைக்கு, பல கமக்காரரின் வயல்கள் சேர்ந்த வெளிக்கு, அவர்தான் காவல்காரி. அறுவடையில் ஒவ்வொரு கமக்காரரும் அவருக்கு நெல் அளந்து கொடுப்பார்கள், அதுதான் அவருடைய பிழைப்பு.

"வெடிக்குதில்ல அண்ணன். கேப்பு மட்டும் டப் எண்டுது, மருந்து பத்துதில்ல. விடியக்காலையிலதான் இந்தக் கூத்து" என்றார்.

நான் முகத்தைப் பார்த்தேன். தீர்ப்பை எழுதினேன். "ஈரம் தங்கச்சி. மருந்தை அடுப்படிக்குப் பக்கத்தில வைங்க, தலைமாட்டில வைச்சுப் படுக்காதீங்க."

கொல்லையில் கேப்பு வைத்து அடித்துக் காட்டினேன். அருமையாக அடித்தது. குழாய் வாய்க்கு எதிரே பிடித்த பூவரசம் இலை ஆடியது. எண்ணெய் போட்டு மினுக்கிக் கையில் கொடுத்தேன். அந்த வருடம் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, துவக்கு எண்ணெய் கப்பலில் வருவதே நின்றிருந்தது. இருந்ததை வைத்துச் சமாளித்தோம்.

ஒரு கிழமை கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை ஒரு கடதாசிச் சுருளில் மருந்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெடிக்காமல் போன துவக்கில் இருந்து பக்குவமாக எடுத்த மருந்து. மேசையில் கொட்டினார். மணல்போல உலர்ந்திருந்தது.

"ஈரம் எண்டீங்க. இதில ஈரம் எங்க?"

கொஞ்சம் கிள்ளிக் கொல்லையில் தீ வைத்துப் பார்த்தேன். சீறிக்கொண்டு எரிந்தது. மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். கேப்பும் அடிக்கிறது, மருந்தும் எரிகிறது, அப்படியென்றால் பிழை இரண்டுக்கும் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்? நான் யோசிக்கவில்லை. பெண்பிள்ளை, பயத்தில் கை நடுங்கிக் குதிரையை முழுதாக இழுக்காமல் விடுகிறார் என்று எனக்குள்ளேயே முடிவுகட்டினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்ற பழமொழிகூட நினைவுக்கு வந்தது. அதை வெளியே சொல்லாதது நான் செய்த ஒரே புண்ணியம். பாவமாகவும் இருந்ததால், ஊசித்துளைக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் கூடுதலாகவே விட்டு அனுப்பினேன்.

மூன்றாம் தரம் வந்தபோது நாலு சொட்டு.

அதற்குள் வயலில் கதை வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பன்றிகள் கூட்டமாக இறங்கிக் கதிர் தள்ளப்போகும் குடலைப் பயிரை உழுதுவிட்டுப் போயின. பொம்பிளை கையில் துவக்கு வெடிக்காது என்று ஒருவர் சொல்ல, பன்றிக்கு யாரோ மந்திரம் ஓதியிருக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னாராம். அந்த வட்டைக்குப் பொறுப்பான விதானையார் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மேஸ்திரி, பிழை துவக்கிலயா ஆளிலயா எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கிறம். துவக்கு நல்லது எண்டா, காவலை என்ர மச்சானுக்கு மாத்தி, துவக்குப் பத்திரத்தையும் அவர்ர பேருக்கு மாத்த எழுதலாம் எண்டு இருக்கிறம்."

பிள்ளைகளே, நம் தொழிலில் துவக்கைவிட ஆபத்தான சாமான் பேனா. பட்டறைக் கடிதத் தாளில், இறப்பர் முத்திரையும் குத்தி, "மூன்று தடவை பரிசோதித்ததில் துவக்கில் எவ்விதப் பழுதும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். "எவ்வித" என்ற சொல்லை எழுதும்போது ஒரு பெருமை இருந்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள் பாக்கியம் தொலைபேசியில் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் மெல்லவே பேசினார்.

"அண்ணன், உங்கட கடிதத்தைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாங்க. துவக்கில பிழையில்ல எண்டா பிழை என்னிலதானே. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா கூட்டத்துக்கு முதல் ஒரு விடியக்காலை வந்து பாருங்க. நான் எப்படிப் பிடிக்கிறன், எப்படி அடிக்கிறன் எண்டு பாத்துப்போட்டு அதையும் எழுதுங்க."

மாட்டேன் என்று சொல்ல ஏலவில்லை. ரோட்டில் ஆனை நிற்கும், விடியற்புறம் வரக்கூடாது என்பதால் சனிக்கிழமை பின்னேரமே தம்பலகாமம் போய் விதானையார் வீட்டில் தங்கினேன். அவர் கதிரை போட்டு, கோழி அடித்து, தயிரும் கித்துள் பாணியும் வைத்து உபசரித்தார். மச்சானும் வந்து அடுப்புக்கரி மாதிரி இருந்த என் ஸ்கூட்டரைக் கழுவிவிட்டுப் போனார். கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திராது.

ஐந்து மணிக்கு எழும்பி வயலுக்குப் போனேன். மலைக்குளிரில் இருக்கும் நுவரெலியாக்காரர் இதை வாசித்தால் சிரிப்பார்கள், ஆனால் துறைமுகத்துப் பக்கம் ஓர்ஸ் ஹில்லில் கடற்காற்றில் வேர்த்து வளர்ந்த எனக்குத் தம்பலகாமத்துத் தைப் பனி போதும். குரங்குத் தொப்பி, மகனுடைய மழைக்கோட்டு, கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையத் தேத்தண்ணி. இந்தக் கோலத்தில் என்னைக் கண்ட பாக்கியம் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

காவல் குடிசையான வாடிக்கு முன்னால் வரம்போரம் குந்தியிருந்தோம். என் தேத்தண்ணிப் போத்தலை இடப்பக்க வரம்பில் வைத்தேன். துவக்கை அவர் முதல் நாள் பின்னேரமே நிறைத்து வாடிக்குள் உலர்வாக வைத்திருந்தார், கேப்பை மட்டும் அப்போது வைத்தார். கிழக்கு வெளிக்கத் தொடங்கியபோது பன்றிகள் வந்தன. ஒரு பெரியது, பின்னால் நாலைந்து.

அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. குதிரையை முழுதாக இழுத்தார். மூச்சை நிறுத்தினார். விசையை அழுத்தினார்.

டப்.

அவ்வளவுதான். பெரிய பன்றி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எனக்கென்னவோ அது சிரித்தது போலத்தான் இருந்தது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். வெடிக்காத துவக்கை ஒரு நிமிடம் அசையாமல், ஆளில்லாப் பக்கம் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று இந்தப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியவன் நான். வருகிறவர்களுக்கெல்லாம் விரலை ஆட்டிச் சொன்னவன் நான். அந்த நான்தான் "இஞ்ச கொண்டாங்க பாப்பம்" என்று எழும்பி, துவக்கின் வாய்க்கு முன்னால் குறுக்கே கால் வைக்கப் போனேன்.

"இருங்க" என்றார் பாக்கியம். சத்தம் போடவில்லை. முழங்கையால் என் நெஞ்சில் ஒரு இடி இடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, துவக்கை இடப்பக்க வரம்புக்குத் திருப்பினார். நான் சேற்றில் இருந்தேன். இருந்தபடியே வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தபோது துவக்கு வெடித்தது.

பன்றிகள் பறந்துவிட்டன. என் தேத்தண்ணிப் போத்தல் இருந்த இடத்தில் போத்தல் இல்லை. மூடியை மட்டும் பிறகு வாய்க்காலில் கண்டெடுத்தோம்.

இரண்டு தரம் முயன்றுதான் சேற்றில் இருந்து எழும்பினேன். குளிரால் என்று சொன்னேன். அவர் நம்பினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்க, தேத்தண்ணி வைக்கிறன், உங்கட போத்தல்தான் போயிட்டுதே" என்றார்.

வாடிக்குள் அடுப்பை மூட்டினார். நான் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கூட்டத்துக்குப் போகவேண்டும் என்று அவர் தலையை அவிழ்த்துவிட்டு, மூலையில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டினார். அப்போதும் விழவில்லை.

"உறைஞ்சு போச்சு. தையில விடியக்காலையில இதுதான் கரைச்சல். அடுப்புக்குப் பக்கத்தில கொஞ்சம் வைச்சாத்தான் வரும். வெயில் ஏறினாத் தண்ணிமாதிரி ஓடும்" என்றார்.

வெள்ளை மெழுகாக உறைந்திருந்த அந்தப் போத்தலைப் பார்த்தேன். மடியில் இருந்த துவக்கைப் பார்த்தேன்.

துவக்கு எண்ணெய் இல்லாத அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெயைப் பட்டறைக்குக் கொண்டுவந்து வைத்தவன் நான்தான். துறைமுகத்துப் புழுக்கத்தில் அது ஒருநாளும் உறைந்ததில்லை. இரும்பும் புதுப் பொம்பிளைமாதிரி மினுங்கியது. கொண்டுவருகிற துவக்கெல்லாம் பகல் வெயிலில் சோதனை, பகல் வெயிலில் வெற்றி. இவரோ பின்னேரம் நிறைத்து, பனியில் வைத்து, விடியற்காலை சுடுகிறவர். நான் பாவம் பார்த்து ஊசித்துளைக்குள் விட்ட சொட்டுகள் இரவு முழுவதும் உறைந்து அடைப்பாகி நின்றிருக்கின்றன. பொறி போக வழியில்லை. முறைப்பாடு கூடக் கூட நான் எண்ணெயைக் கூட்டினேன். அன்றைக்கு மட்டும் ஏதோ ஒரு நூலளவு வழி இருந்து, பொறி ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்து என் போத்தலைக் கொன்றிருக்கிறது.

சாவியால் கேப்புக் குழாயைக் கழற்றி ஊசியை விட்டேன். நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சட்டென்று காற்சட்டையில் துடைத்துவிட்டேன்.

ஆனால் அவர் திரும்பிவிட்டார். துவக்கை என் மடியில் இருந்து எடுத்தார். எடுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். எனக்கு வேலை பழக்கியவர் செய்வாரே, அதேமாதிரி.

"அண்ணன், இதில என்ன மணக்குது?"

"மருந்து மணம்" என்றேன்.

அவர் தேத்தண்ணியை நீட்டினார். சீனி சரியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

கூட்டத்துக்குப் போகிற வழி முழுக்க என் மண்டைக்குள் வழக்காடினேன். உண்மையைச் சொன்னால் பட்டறையின் பேர் போய்விடும், பாதித் தம்பலகாமம் நம்மிடம்தான் துவக்குக் கொடுக்கிறது. சொல்லாவிட்டால்? குளிர் என்று சொல்லலாம், பனி என்று சொல்லலாம், அதுவும் முழுப் பொய் இல்லைதானே. ஒரு மாதம் கழித்து இரகசியமாகத் துப்புரவாக்கிக் கொடுத்தால் எல்லாம் சரி. ஒரேயொரு சிக்கல், அதற்குள் துவக்கு மச்சானுடைய கைக்குப் போயிருக்கும். அவர் கையில் அது அழகாக வெடிக்கும். பாக்கியம் கையில் வெடிக்காத துவக்கு ஆம்பிளை கையில் வெடித்தது என்ற கதை அறுபது வருடம் நிற்கும்.

சங்கக் கட்டடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். எனக்கு முன்வரிசைக் கதிரை. விதானையார் என் கடிதத்தை உரத்து வாசித்தார். "எவ்வித" வந்த இடத்தில் அழுத்தமும் கொடுத்தார். பிறகு என்னைப் பேசச் சொன்னார்.

எழும்பினேன். பிள்ளைகளே, நான் வீரன் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. எழும்பி நான் சொன்னது இதுதான்: "காலநிலை மாற்றம் காரணமாக, வளிமண்டலத்தின் வெப்பநிலை குறைகிற சந்தர்ப்பங்களில்..." இப்படியே மூன்று நிமிடம் போனேன். சனம் பயபக்தியோடு கேட்டது. எனக்கே என் பேச்சுப் பிடித்துக்கொண்டு வந்தது.

பின்வரிசையில் பாக்கியம் எழும்பினார்.

"அண்ணன், ஒரு கேள்வி. என்ர துவக்குக்குக் கடைசியா எண்ணெய் போட்டது ஆர்?"

அவருக்கு எல்லாம் தெரியும் என்று அந்த நொடியில் விளங்கியது. வாடியிலேயே தெரிந்துவிட்டது. அவர் தானே எழும்பி எல்லாவற்றையும் போட்டுடைத்திருக்கலாம். செய்யவில்லை, எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டிருந்தார். அன்று விடியற்காலை அவருடைய முழங்கை இல்லாவிட்டால் நான் அந்தக் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான்" என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய்."

அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொருவருடைய வீட்டிலும் அன்று காலை ஒரு போத்தல் உறைந்துபோய்க் கிடந்திருக்கும். விளங்கப்படுத்த வேண்டிய தேவையே இருக்கவில்லை. முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு கட்டடமே சிரித்தது. விதானையார் மட்டும் சிரிக்காமல் என் கடிதத்தை இரண்டாக மடித்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் பன்றிக்குக் காவல் இருந்தது நீங்கதான் மேஸ்திரி" என்றார்.

அங்கேயே, அவருடைய பேனாவால், வேறு கடிதம் எழுதினேன். பிழை பட்டறையுடையது, துவக்கிலும் இல்லை, ஆளிலும் இல்லை என்று. என்னையே உரத்து வாசிக்கவும் வைத்தார்கள். காவல் பாக்கியத்திடமே இருந்தது. மச்சான் வெளியே போய் என் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்தார், கழுவின கை வீணாய்ப் போன கவலை. நாலைந்து பேர் "அப்ப எங்கட துவக்கு?" என்று கேட்டபடி என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அடுத்த கிழமை முழுக்கக் கொதிதண்ணீர் ஊற்றி ஊற்றி என் கையே அவிந்துவிட்டது. ஒருவரும் நம்மை விட்டுப் போகவில்லை. எதற்காக அவ்வளவு பயந்தேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

பாக்கியத்தின் துவக்கை அன்றைக்கே கழுவி, அடுப்பங்கரையில் காயவைத்து, எண்ணெய் ஒரு சொட்டும் போடாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து விடிய ஐந்தரைக்கு என் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. தவளைச் சத்தம், காற்றுச் சத்தம். வைத்துவிடலாம் என்று நினைத்தபோது இடிமாதிரி ஒரு வெடி கேட்டது, பக்கத்தில் படுத்திருந்த மனுசி எழும்பி இருந்துவிட்டா.

"கேட்டுதா அண்ணன்?" என்றார் பாக்கியம்.

"ஓம், கேட்டது" என்றேன்.

எனவே, ஒருவர் மூன்றாம் தரமும் அதே முறைப்பாட்டோடு வந்தால், அவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு தரமும் நீங்கள் என்ன செய்து அனுப்பினீர்கள் என்று பாருங்கள். துவக்கு எங்கே, எத்தனை மணிக்கு வெடிக்கவில்லையோ, அங்கே அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். தேத்தண்ணிப் போத்தலை மட்டும் தூரத்தில் வையுங்கள்.

இன்னொன்று. பட்டறை அலுமாரியின் மேல்தட்டில் தேங்காயெண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக இருப்பதைக் கண்டு, துவக்குப் பட்டறையில் இதற்கு என்ன வேலை என்று உங்களில் ஒருவர் கேட்டார். அவை பாக்கியம் ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் தம்பலகாமத்தில் இருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறவை. எறிய வேண்டாம், ஒட்டியிருக்கிற துண்டையும் கிழிக்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஒரே எழுத்து, ஒரே வாசகம்: "அண்ணனுக்கு. தலைக்கு மட்டும்."

என் தலையில் ஒரு மயிரும் இல்லை என்பது, அன்று விடியற்காலை சேற்றில் விழுந்து குரங்குத் தொப்பி கழன்றபோதே அவருக்குத் தெரியும்.